மறைந்து பார்ப்பது பாதுகாப்பு ஆகுமா?



விஞ்ஞானம் மனிதனுக்குத் தந்த கருவிகளில் கைப்பேசியைப் போல் அவனோடு ஒட்டி வாழும் கருவி வேறொன்று இல்லை. கைக்கடிகாரம் நேரத்தை மட்டுமே அறியும். வானொலிப் பெட்டி பேசும். நாம் பேசுவதைக் கேட்காது. கைப்பேசி அப்படியன்று. அதற்குக் காமிரா என்னும் கண் உண்டு. மைக் என்னும் காது உண்டு. வானில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சைகைகளைப் பெற்று, தான் நிற்கும் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்துக்குக் கணக்கிடும் ஆற்றலும் உண்டு. நாம் யாருடன் பேசினோம், என்ன எழுதினோம், எதைத் தேடினோம் என்பவற்றையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்கிறது. நெருங்கிய தோழனுக்குக்கூட இவ்வளவு தெரியாது.

இந்தத் தோழன் உங்களுக்குத் தெரியாமல் வேறொருவருக்கு வேலை செய்யத் தொடங்கினால் என்ன ஆகும்? இது கற்பனைக் கேள்வி அன்று. அதற்கென்றே செயலிகள் தயாரிக்கப்படுகின்றன, விளம்பரம் செய்யப்படுகின்றன, மாதச் சந்தாவுக்கு விற்கப்படுகின்றன. இவற்றை 'ஸ்டாக்கர்வேர்' என்று அழைக்கிறார்கள். பின்தொடர்ந்து தொல்லை தருபவனின் மென்பொருள் என்பது இதன் பொருள். தமிழில் 'மறைவு உளவுச் செயலி' என்று சொல்லிக்கொள்வோம்.

அரசுகளுக்கு மட்டும் விற்கப்படுவதாகச் சொல்லப்படும் பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள்களைப் பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அவை வேறு. இங்கே நாம் பேசுவது சாதாரண மனிதன் சாதாரண மனிதனை உளவு பார்க்க வாங்கும் சரக்கைப் பற்றி. வாங்குபவன் முன்பின் தெரியாதவனும் அல்லன். பெரும்பாலும் ஒரே வீட்டில் வாழ்பவன், அல்லது நம்பிக்கைக்கு உரியவன் என்று எண்ணப்பட்டவன். ஆபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

எவ்வாறு வேலை செய்கிறது?

இன்றைய கைப்பேசியின் இயங்குதளம் ஒரு மாணவர் விடுதியைப் போன்றது. ஒவ்வொரு செயலிக்கும் ஒரு தனி அறை. ஓர் அறையில் இருப்பவர் மற்றோர் அறைக்குள் நுழைய முடியாது. காமிரா, மைக், இருப்பிடம், தொடர்பு எண்கள் ஆகியவற்றைத் தொட வேண்டுமானால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். இது நல்ல ஏற்பாடு. பூட்டிய கதவை உடைப்பது கடினம்.

ஆனால் சாவியே கையில் கிடைத்தால்? மறைவு உளவுச் செயலி பெரும்பாலும் கதவை உடைத்து வருவதில்லை. கைப்பேசியின் திரைப் பூட்டு எண் தெரிந்த ஒருவர், உரிமையாளர் குளிக்கவோ உறங்கவோ சென்ற சில நிமிடங்களில் அதை நிறுவிவிடுகிறார். பிளே ஸ்டோரில் இல்லாத செயலியை வெளியிலிருந்து இறக்குகிறார். கைப்பேசியின் காவல் ஏற்பாடான 'பிளே புரொடெக்ட்' வசதியை அணைக்கிறார். கேட்கப்படும் எல்லா அனுமதிகளுக்கும் 'சரி' என்று அழுத்துகிறார். பிறகு அந்தச் செயலி தன் படக்குறியை மறைத்துக்கொள்கிறது. அல்லது கைப்பேசியின் சொந்த உறுப்பைப் போன்ற ஒரு பெயரைச் சூட்டிக்கொள்கிறது. அன்று முதல் செய்திகள், அழைப்புப் பட்டியல், படங்கள், இருப்பிடம் எல்லாம் இணையத்தின் வழியே எங்கோ உள்ள ஒரு கணிப்பொறிக்குப் போய்ச் சேருகின்றன. நிறுவியவர் தம் அறையில் உட்கார்ந்தபடியே அவற்றைப் பார்க்கிறார்.

இங்கே உங்களில் சிலர் ஒரு கேள்வி கேட்கலாம். "வாட்ஸ்அப் செய்திகள் சங்கேத மொழியில் பூட்டப்பட்டே செல்கின்றனவே, அவற்றை எப்படிப் படிக்க முடியும்?" நல்ல கேள்வி. பூட்டு, செய்தி செல்லும் பாதைக்குத்தான். அரக்கு முத்திரை வைத்த கடிதத்தைத் தபால்காரர் பிரிக்க முடியாது. ஆனால் நீங்கள் அதைப் பிரித்துப் படிக்கும்போது உங்கள் தோளுக்குப் பின்னால் ஒருவர் நின்றால்? உளவுச் செயலி அப்படித்தான் நிற்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 'ஆக்சஸிபிலிட்டி' என்றொரு வசதி உண்டு. திரையில் இருப்பதைப் படித்துக் காட்டி, பார்வையற்றவர்களும் கைப்பேசியைப் பயன்படுத்தும்படி செய்யும் உயர்ந்த ஏற்பாடு அது. அதே வசதியைக் கொண்டு உளவுச் செயலி திரையில் தோன்றும் எழுத்துகளைத் திருடுகிறது. கண்ணில்லாதவருக்குக் கண்ணாக அமைந்த கருவியை ஒளிந்திருப்பவனின் கண்ணாக மாற்றியிருக்கிறார்கள். விஞ்ஞானத்தை இதைவிடக் கீழாகப் பயன்படுத்த முடியுமா?

விற்பவர் சொல்லும் சாக்கு

"குழந்தைகளின் பாதுகாப்புக்காக", "ஊழியர்களைக் கண்காணிக்க" என்றுதான் இந்தச் செயலிகளின் விளம்பரங்கள் சொல்லும். உண்மை நோக்கம் என்ன என்பதை ஒரு வழக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

'ஸ்டெல்த்ஜீனி' என்ற செயலி அழைப்புகளைப் பதிவு செய்தது. பேசாமல் வைத்திருக்கும் கைப்பேசியைச் சுற்றிச் சுமார் 15 அடி தூரத்தில் நடக்கும் பேச்சையும் கேட்டது. அதை விற்ற நிறுவனத்தின் தலைவர் 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கைது செய்யப்பட்டார். வழக்கில் அந்த நிறுவனத்தின் வியாபாரத் திட்டமும் வெளிவந்தது. தம் இணையர் மீது சந்தேகம் கொண்ட கணவர்களும் மனைவியரும் காதலர்களுமே பெரும்பாலான வாடிக்கையாளர்களாக இருப்பார்கள் என்று அதில் கணக்கிடப்பட்டிருந்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்; 5 இலட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கைப்பேசி உளவுச் செயலியை விளம்பரம் செய்து விற்றதற்காகக் கிடைத்த முதல் குற்றத் தீர்ப்பு இதுவே. இதற்கு உதவியது 1968ஆம் ஆண்டின் சட்டம் என்பது கவனிக்கத்தக்கது. அறைகளில் ஒட்டுக்கேட்கும் கருவிகளை ஒளித்துவைத்த காலத்தில் எழுதப்பட்ட அந்தச் சட்டம், அத்தகைய கருவியைப் பயன்படுத்துவதோடு, செய்வதையும் விற்பதையும் விளம்பரப்படுத்துவதையும் சேர்த்தே தடுத்திருந்தது. கருவி மாறினாலும் குற்றம் மாறவில்லை.

உளவாளியின் வீட்டிலேயே திருட்டு

"நல்ல எண்ணத்தோடு பார்த்தால் தவறு என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. திரட்டிய இரகசியங்கள் பார்த்தவரிடமும் தங்குவதில்லை. அவை ஓர் அறியாத நிறுவனத்தின் கணிப்பொறியில் குவிகின்றன. பிறர் வீட்டுக் கதவைத் திருட்டுச் சாவியால் திறப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் தங்கள் வீட்டுக் கதவையும் சரியாகப் பூட்டுவதில்லை.

போலந்து நாட்டின் 'லெட்மீஸ்பை' செயலியின் கணிப்பொறிக்குள் 2023 ஜூனில் ஒருவர் புகுந்து செய்திகளையும் அழைப்புப் பட்டியல்களையும் இருப்பிடங்களையும் அள்ளிச் சென்றார். அந்த ஆகஸ்டு மாதத்தோடு அது மூடப்பட்டது. 2024 மே மாதத்தில் 'பிசிடாட்டில்டேல்' என்ற அமெரிக்கச் செயலிக்கும் இதே கதி. 2025இல் 'கேட்வாட்ச்ஃபுல்' என்ற செயலியின் குறைபாடு ஒன்றை ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தார். குழந்தைகளைக் கண்காணிக்க என்று சொல்லிக்கொண்டே, யார் கண்ணிலும் படாது என்றும் பெருமை பேசிய செயலி அது. 62,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களும் கடவுச்சொற்களும், ஏறத்தாழ 26,000 கைப்பேசிகளின் தகவல்களும் காப்பின்றிக் கிடந்தன. அந்தக் கைப்பேசிகள் இருந்த நாடுகளில் மெக்ஸிகோ, கொலம்பியா ஆகியவற்றோடு நம் இந்தியாவும் ஒன்று.

சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு தந்தை உண்மையிலேயே மகளின் நலம் கருதி இதை நிறுவியிருக்கலாம். ஆனால் அவள் தினமும் எந்த வழியே பள்ளிக்குச் செல்கிறாள் என்பதை அவர் யாரோ ஓர் அந்நியனிடம் ஒப்படைத்திருக்கிறார். காவல் வைத்ததாக எண்ணிக் கதவைத் திறந்து வைத்தது போலாயிற்று.

தடுக்கும் முயற்சிகள்

நெடுநாள் வரை வைரஸ் தடுப்பு மென்பொருள்களே இந்தச் செயலிகளைப் பெரிதாகக் கொள்ளவில்லை. காஸ்பர்ஸ்கை நிறுவனத்தின் மென்பொருள் இவற்றைக் கண்டுபிடித்தாலும் 'வைரஸ் அன்று' என்றே பெயரிட்டது. எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பைச் சேர்ந்த ஈவா கால்பெரின் என்ற பெண்மணி இந்த நிலையை மாற்றப் பாடுபட்டார். 2019 ஏப்ரலில் காஸ்பர்ஸ்கை தன் முறையை மாற்றி, உரிமையாளருக்குத் தெளிவான எச்சரிக்கை காட்டத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில், கணிப்பொறிப் பாதுகாப்பு நிறுவனங்களும் குடும்ப வன்முறைக்கு ஆளானோருக்கு உதவும் தொண்டு அமைப்புகளுமாகப் பத்து அமைப்புகள் சேர்ந்து ஸ்டாக்கர்வேர் எதிர்ப்புக் கூட்டணியைத் தொடங்கின.

அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2021 செப்டம்பரில் 'ஸ்பைஃபோன்' நிறுவனத்தையும் அதன் தலைமை நிர்வாகியையும் கண்காணிப்புத் தொழிலிலிருந்தே விலக்கிவைத்தது. அந்த ஆணையம் இத்தகைய தடை விதித்தது அதுவே முதல் முறை. திருடிய தகவல்களை அழிக்க வேண்டும்; உளவு பார்க்கப்பட்ட கைப்பேசிகளின் உரிமையாளர்களுக்கு அதை அறிவிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. இந்த இரண்டாவது நிபந்தனையை நான் பெரிதும் மதிக்கிறேன். மறைவில் வாழும் ஒன்றுக்கு வெளிச்சத்தைவிடப் பெரிய தண்டனை இல்லை.

கூகிள் நிறுவனம் 2020இல் தன் பிளே ஸ்டோர் விதிகளைத் திருத்தி, ஒளிந்திருந்து கண்காணிக்கும் செயலிகளுக்குத் தடை விதித்தது. பெற்றோர் பிள்ளைகளைக் கவனிக்கும் செயலிகளை அனுமதித்தது. ஆனால் அவை தம்மை மறைத்துக்கொள்ளக் கூடாது. கைப்பேசித் திரையிலும் ஒரு மாற்றம் வந்தது. மைக்கோ காமிராவோ இயங்கும்போது திரையின் மேல் ஓரத்தில் ஒரு சிறு புள்ளி தோன்றும். ஐஃபோனில் இது 2020இலும் ஆண்ட்ராய்டில் 2021இலும் வந்தது.

ஆயினும் நோய் தீரவில்லை. 2023இல் தன் மென்பொருள் இருந்த கைப்பேசிகளில் மட்டும் 31,031 பேர் இந்தச் செயலிகளால் பாதிக்கப்பட்டிருந்ததாகக் காஸ்பர்ஸ்கை கணக்கிட்டது. ரஷ்யா, பிரேசில் ஆகியவற்றை அடுத்து இந்தியா மூன்றாம் இடத்தில் இருந்தது. ஒரு நிறுவனத்தின் வலையில் சிக்கியவை இவ்வளவு என்றால், வலையே இல்லாத கைப்பேசிகளில் எவ்வளவு இருக்கும்?

பெற்றோர் பார்க்கக் கூடாதா?

இப்போது கடினமான கேள்விக்கு வருவோம். இணையத்தில் ஏமாற்றுக்காரர்கள் உண்டு. பிள்ளைகளை மிரட்டிப் பணம் பறிப்பவர்களும் உண்டு. பெற்றோரின் அச்சம் நியாயமானது. அப்படியிருக்கக் கண்காணிப்பையே கண்டிப்பது சரியா?

கண்காணிப்பை நான் கண்டிக்கவில்லை. மறைவைக் கண்டிக்கிறேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே அளவுகோலால் அளந்துவிடலாம். பார்க்கப்படுகிறவருக்கு அது தெரியுமா? தெரிந்தால் அவர் காரணம் கேட்கலாம், மறுப்புச் சொல்லலாம், வயது வளர வளரத் தளர்த்தக் கோரலாம். ஆசிரியர் வகுப்பில் நம்மைக் கவனிக்கிறார். நாமும் அவரைப் பார்க்கிறோம். அதே ஆசிரியர் நம் புத்தகப் பையில் ஒலிப்பதிவுக் கருவியை ஒளித்துவைத்தால் அதைக் கவனிப்பு என்போமா?

கூகிளின் 'ஃபேமிலி லிங்க்' போன்ற ஏற்பாடுகள் பிள்ளையின் கைப்பேசியில் வெளிப்படையாகவே இருக்கின்றன. கண்காணிப்பு நடக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரியும். பெற்றோருக்கு உண்மையில் பாதுகாப்புதான் வேண்டுமென்றால், வெளிப்படையான ஏற்பாடே போதும். மறைவு எதற்கு? பாதுகாப்புக்கு மறைவு தேவையில்லை. பிடிபடுகிறாளா என்று காத்திருப்பதற்குத்தான் மறைவு தேவை. அது மட்டுமன்று, ஒளிந்து பார்க்கப்பட்டதை ஒருநாள் அறிந்துகொள்ளும் பிள்ளை, உண்மையான ஆபத்து வரும்போது பெற்றோரிடம் ஓடி வருமா?

திருவள்ளுவர் ஒற்றாடலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் அதை எங்கே வைத்தார்? அரசனின் கடமைகளைச் சொல்லும் பொருட்பாலில் வைத்தார், இல்லறவியலில் வைக்கவில்லை. இல்லறவியலில் அன்புடைமையும் மக்கட்பேறும்தான் இருக்கின்றன. வீடு என்பது ஒற்றர்களால் ஆளப்படும் நாடு அன்று.

ஒரு சிக்கலும் உண்டு என்பதை மறைக்க வேண்டாம். தொலைந்த கைப்பேசியைத் தேடவும், குடும்பத்தினரின் இருப்பிடத்தைப் பகிரவும் உள்ள நல்ல செயலிகளையே சிலர் உளவுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கார்னெல் டெக் உள்ளிட்ட கல்வி நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். ஆகவே செயலியின் பெயரைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. கத்தி பழமும் நறுக்கும், கையையும் அறுக்கும். அதனால்தான் மேலே சொன்ன அளவுகோல் வேண்டும். எந்தச் செயலியானாலும், பார்க்கப்படுகிறவர் அறியாமல் இயங்கினால் அது உளவே.

சட்டம் எங்கே நிற்கிறது?

அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, ஒரு பெண் இணையத்தையோ மின்னஞ்சலையோ பிற மின்னணுத் தொடர்பையோ பயன்படுத்துவதைக் கண்காணிப்பதைப் பின்தொடர்தல் குற்றம் என்கிறது. முதல் முறைக்கு 3 ஆண்டு வரை சிறை. மறுபடியும் செய்தால் 5 ஆண்டு வரை. பிறர் கணிப்பொறியிலிருந்து அனுமதியின்றித் தகவல் எடுப்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் தண்டிக்கிறது.

இவை போதுமா? போதா என்பதே என் கருத்து. 78ஆம் பிரிவு பெண்களுக்கு மட்டும் காப்பளிக்கிறது. ஒரு மாணவனை உளவு பார்த்தால் அப்பிரிவு உதவாது. மேலும் நம் சட்டங்கள் பெரும்பாலும் செயலியைப் பயன்படுத்தியவரையே தேடிப் பிடிக்கின்றன. ஒளிந்துகொள்ளும் ஆற்றலையே சரக்காக விற்பவரை நேராகத் தடுக்கும் தெளிவான விதி வேண்டும். கள்ளச் சாவி செய்து கூவி விற்பவனை விட்டுவிட்டு, திறந்தவனை மட்டும் தேடினால் திருட்டு நிற்காது.

நீங்கள் செய்யக் கூடியவை

முதலில் திரைப் பூட்டு எண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். உயிர்த் தோழன் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. கைப்பேசி அமைப்புகளில் 'ஆக்சஸிபிலிட்டி' பகுதியைத் திறந்து, நீங்கள் அறியாத செயலி ஏதேனும் அங்கே அனுமதி பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். பிளே புரொடெக்ட் அணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் அணைக்காமலே அது அணைந்திருந்தால் காரணம் தேடுங்கள்.

மின்கலம் சீக்கிரம் தீர்கிறது, கைப்பேசி சூடாகிறது என்பவற்றை மட்டும் கொண்டு முடிவு கட்டாதீர்கள். பழைய மின்கலமும் அப்படித்தான் செய்யும். நீண்ட விளையாட்டும் அப்படித்தான் செய்யும். பல காரணங்களால் வரக்கூடிய ஓர் அறிகுறியை வைத்து ஒரே காரணத்தைச் சொல்வது விஞ்ஞான முறை ஆகாது.

உளவுச் செயலி இருப்பது உறுதியானால், அவசரப்பட்டு உடனே நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் வைத்தவருக்குத் தெரிந்துவிடலாம், சாட்சியமும் அழிந்துவிடலாம். மிரட்டலோ அடியோ உள்ள வீட்டில் இது ஆபத்து. நம்பிக்கைக்குரிய பெரியவரிடமோ ஆசிரியரிடமோ முதலில் சொல்லுங்கள். அதையும் அந்தக் கைப்பேசியிலிருந்து அன்றி, நேரிலோ வேறொருவர் தொலைபேசியிலோ சொல்லுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, சைபர் குற்றங்களுக்கு 1930 என்ற உதவி எண்கள் இருக்கின்றன.

இதுவரை சொன்னது உங்களைக் காத்துக்கொள்ள. இனிச் சொல்வது அதைவிட முக்கியமானது. உங்களில் பலர் இன்று வீட்டிலேயே கைப்பேசியை நன்கு அறிந்தவர்கள். நாளை அண்ணன் ஒருவர், "தங்கை யாரோடு பேசுகிறாள் என்று பார்க்க வேண்டும், ஒரு செயலியைப் போட்டுக் கொடு" என்று உங்களிடம்தான் வருவார். நண்பன் ஒருவன் விளையாட்டாகவே கேட்பான். உங்களுக்கு வழி தெரிந்திருக்கும். அப்போது "எனக்குத் தெரியாது" என்று நழுவாதீர்கள். "தெரியும், ஆனால் செய்ய மாட்டேன், கேட்க வேண்டியதை அவளிடமே கேளுங்கள்" என்று சொல்லுங்கள்.

உளவுச் செயலியை எழுதியவர்களும் ஒரு காலத்தில் உங்களைப் போல் கணிப்பொறியை ஆர்வத்தோடு கற்ற மாணவர்களே. அதைக் கண்டுபிடித்து உலகுக்கு உரைத்தவர்களும் அப்படிப்பட்டவர்களே. இருவரும் கற்ற பாடம் ஒன்று. யாருக்காக அதைப் பயன்படுத்துவது என்பதில்தான் வழி பிரிந்தது. உங்களில் சிலர் நாளை செயலி எழுதுவீர்கள். சிலர் சட்டம் எழுதுவீர்கள். எல்லோரும் ஒரு வீட்டில் வாழ்வீர்கள். எங்கே இருந்தாலும், ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் அவர் கண்ணுக்கு நேரே நின்று பாருங்கள்.